எழுபத்தெட்டாம் நிமிடத்து கோல்

நாரிஸ் என்ட்விசில் மைக்கில் பொய் சொல்லிவிட்டார் என்று ஸ்கார்பெக் ஊரில் ஒரு பேச்சு.

மே மாதம் முதல் வாரத்தில் முடிதிருத்தும் கடையில் இதை முதலில் கேட்டேன். பாதி வெட்டிய தலையோடு எழுந்து போக முடியாது என்பதால் முழுவதும் கேட்டேன். மறுநாள் மீன் வறுவல் கடை வரிசையில் அதே பேச்சு, மேலே கொஞ்சம் வினிகர் தெளித்து. அதற்கு மறுநாள் மெதடிஸ்ட் தேவாலய வாசலில், "கேள்விப்பட்டதுதான், நமக்கெதுக்கு" என்ற முன்னுரையோடு. மூன்று இடத்திலும் சாரம் ஒன்றுதான்: 1988 ஏப்ரல் முப்பது, சனிக்கிழமை, லீக்கின் கடைசி ஆட்டம். முப்பது மைல் தள்ளி வேறொரு மைதானத்தில் விழாத ஒரு கோலை விழுந்ததாக நாரிஸ் நம் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அதனால்தான் ஸ்கார்பெக் ரோவர்ஸ் கால்பந்து கிளப் இன்றைக்கு உயிரோடு இருக்கிறது.

கிளப் உயிரோடு இருப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. நாரிஸ் பொய் சொன்னார் என்பதைத்தான் ஊரால் விழுங்க முடியவில்லை. நகரசபைத் தலைவர் பொய் சொன்னார் என்றிருந்தால் "சரி, வேற என்ன விசேஷம்?" என்று கேட்டிருப்பார்கள். நாரிஸ் விஷயத்தில் காரணம் தேட வேண்டியிருந்தது. கிளப் தலைவர் ஒரு பாட்டில் விஸ்கி கொடுத்தார் என்றது முடிதிருத்தும் கடை. மனைவி தொடையில் கிள்ளினாள் என்றது மீன் கடை. பாவம், காது போய்விட்டது என்று மன்னித்தது தேவாலயம்.

இத்தனை காரணம் ஒரு சின்ன விஷயத்துக்குக் கிடைக்கிறது என்றால் ஒன்றுகூட உண்மையாக இருக்காது. உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதுகிறவன் நான், விசாரிக்கக் கிளம்பினேன்.

நாரிஸுக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய் எரிவாயு மீட்டர் பார்த்து எழுதியவர். இந்த ஊரில் மீட்டர் இருக்குமிடம் மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரி. அவர் தலை நுழையாத அலமாரி ஊரில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறைத்து வைத்த சைக்கிள், மருத்துவர் குடிக்கக் கூடாது என்று சொன்ன வீட்டில் நாலு பாட்டில், ஒரு தடவை கடன்காரனுக்குப் பயந்து ஒளிந்திருந்த மச்சான், எல்லாவற்றையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார். மச்சானிடம் "கொஞ்சம் தள்ளுங்க, எண் தெரியல" என்று சொல்லி, எண்ணை எழுதிக்கொண்டு, கதவைப் பழையபடி சாத்திவிட்டு வந்தார். எண்ணைத் தவிர வேறெதையும் எவரிடமும் சொன்னதில்லை. எண்ணை ஒரு தடவையும் மாற்றிச் சொன்னதில்லை.

அவரைக் கிளப்காரர்கள் மைக்கில் அறிவிக்கப் பிடித்துப்போட்டது, கிளப் செய்த பல தவறுகளில் ஒன்று என்று கிளப் தலைவர் க்ராஷா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். க்ராஷா மேசை நாற்காலி வியாபாரி. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் வந்ததாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை.

"இன்னைக்கு நானூறு பேர்னு சொல்லுய்யா, நாரிஸ்."

"நூத்தி எண்பத்தேழு பேர்தான் இருக்காங்க."

"பத்திரிகைக்காரன் வந்திருக்கான்யா!"

"அவரையும் சேர்த்துத்தான் எண்ணினேன்."

மூன்று நிமிடம் கழித்து ஒலிபெருக்கி கரகரத்தது: "இன்றைய பார்வையாளர்கள் நூற்று எண்பத்தேழு. இதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்."

அறிவிப்பு அறை என்பது டீக்கடைக் கூரைமேல் வைத்த மரக்கூண்டு. ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு தொலைபேசி. நாலாவதாக ஒன்று வைத்தால் நாரிஸ் வெளியே நிற்க வேண்டும். கீழே டீக்கடையில் அவர் மனைவி பெரில், டீயும் பட்டாணிக் கூழும் சூடான கறி பையும் விற்றுக்கொண்டிருப்பார். பெரிலுக்கு உலகத்தில் எல்லாரும் "கண்ணு". நடுவர் கண்ணு, எதிரணிக் கோல்கீப்பர் கண்ணு, ஒரு தடவை வந்த பிஷப்பும் கண்ணு. கணவர் மட்டும் நாரிஸ்.

நம் ஆளே ஒரு தடவை கோல் அடித்தார். ஊர் குதித்தது. மேலேயிருந்து குரல்: "கோல். நான் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஆஃப்சைடு. நடுவர் கொடுத்துவிட்டார்." எதிரணி ஆட்கள் கூண்டைக் கைகாட்டி நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கோல் நின்றது, நாரிஸ்தான் ஒரு வாரம் யார் வீட்டிலும் டீ கிடைக்காமல் மீட்டர் பார்த்தார்.

"அவரோட குடித்தனம் பண்றது கஷ்டமா இல்லையா?" என்று பெரிலிடம் கேட்டேன்.

"கல்யாணத்தன்னைக்கு சர்ச் வாசல்ல, 'நான் அழகா இருக்கேனா'ன்னு கேட்டேன் கண்ணு. 'வெயில் கண்ணுல அடிக்குது, உள்ள போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்'ன்னாரு. உள்ள போனோம். பாதிரியார் பேசிக்கிட்டிருக்காரு, இவரு திரும்பிப் பாத்துட்டு, 'ஆமா'ன்னாரு. முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. அந்த ஒரு ஆமாவை வெச்சுத்தான் குடும்பம் ஓடுது."

இப்படிப்பட்டவர் பொய் சொன்னாரா என்பது கேள்வி. அதற்கு அந்த வருட ஆட்டம் எப்படிப் போனது என்று தெரிய வேண்டும்.

ஆகஸ்டில் தொடங்கியது. முதல் ஏழு ஆட்டமும் தோல்வி. முதல் பயிற்சியாளர் ராஜினாமா செய்து வேல்ஸ் கடற்கரையில் கூடார விடுதி நடத்தப் போனார். சந்தோஷமாக இருப்பதாகத் தபாலட்டை போட்டார், அதை யாரும் கேட்கவில்லை. இரண்டாமவர் பத்தொன்பது நாள். மூன்றாவதாக டெஸ் மெக்கலோ வந்தார். குழாய் வேலைக்காரர், முன்னாள் தடுப்பாட்டக்காரர். எது ஒழுகினாலும் அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை உள்ள மனிதர். நவம்பரில் ஒரு விளக்குக் கம்பம் அணைந்தது. அதைச் சரிசெய்ய ஆறு வாரம் ஆனது, அதுவரை நம் ஆட்கள் வெளிச்சமுள்ள பக்கம் மட்டும் ஓடினார்கள். கோல்கீப்பருக்கு ரொட்டிக் கிடங்கில் விடியற்காலை வேலை. கார்னர் அடிக்கும்போது கொட்டாவி விடுவார். ஆட்டு வேஷம் போட்டு மைதானத்தைச் சுற்றி வந்த நம் கிளப்பின் அதிர்ஷ்ட ஆடு, பிப்ரவரியில் எங்கோ நல்ல கம்பளி கிடைத்தது என்று வேறு கிளப்புக்குப் போய்விட்டது.

இதெல்லாம் எல்லாக் கிளப்புக்கும் வருவது. ரோவர்ஸுக்கென்று தனியாக ஒரு வியாதி இருந்தது. டிரா ஆகும்போல் தெரிந்தால் போதும், கடைசி கால் மணி நேரம் பதினொரு பேரும் சொந்தக் கோல் வாசலுக்குப் போய், மழையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப்போல நெருக்கி நின்றுகொள்வார்கள். எதிரணி நிதானமாக, அவசரமில்லாமல், கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கோல் போட்டுவிட்டுப் போகும். அந்த வருடம் பதினொரு தடவை. டெஸ்ஸுக்கு ஏழு தடவை என்றுதான் நினைவு. கூண்டிலிருந்தவருக்குப் பதினொன்றும் தேதியோடு தெரியும்.

மார்ச் மாதம் க்ராஷா கிளப் கூடத்தில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார், தன் கடை நாற்காலிகளில்.

"கீழ்ப்பிரிவுக்கு எறங்கினோம்னா கதவைப் பூட்டிருவேன். மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இந்த எடத்துல எனக்கு ஒரு கிடங்கு கட்டணும்."

மறுநாளே தெற்குக் கோலுக்குப் பின்னால் சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்புகளோடு இரண்டு பேர் வந்து அளக்க ஆரம்பித்தார்கள். பந்து அந்தப் பக்கம் போனால் எடுத்துத் திருப்பிப் போடும் அளவுக்கு நல்லவர்கள்.

அதே மார்ச்சில்தான் நாரிஸுக்கு எரிவாயு அலுவலகத்தில் ஓய்வு கொடுத்தார்கள். பிரிவுப் பரிசு ஒரு புது டார்ச். இனி எந்த அலமாரிக்குள் அடிப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் சொன்னதாக பெரில் சொன்னது: "சனிக்கிழமை மூணு மணின்னு ஒண்ணு இருக்கிறதாலதான் வாரம்னு ஒண்ணு இருக்கு, பெரில். அதுவும் போச்சுன்னா எனக்கு ஏழு நாளும் செவ்வாய்க்கிழமைதான்."

இனி ஏப்ரல் முப்பது.

கணக்கு எளிது. கீழே இறங்க வேண்டிய கடைசி இடத்துக்கு இரண்டே கிளப் போட்டி: நாமும், மேட்டுநிலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மார்ஸ்விக்கும். இரண்டுக்கும் ஒரே புள்ளி. ஆனால் கோல் கணக்கில் அவர்கள் மேலே. ஆகவே அன்று மார்ஸ்விக்கைவிட நமக்கு ஒரு படி நல்ல முடிவு வர வேண்டும். அவர்கள் தோற்றால் நமக்கு டிரா போதும். அவர்கள் டிரா செய்தால் நாம் ஜெயித்தாக வேண்டும். அவர்கள் ஜெயித்தால் நாம் என்ன செய்தாலும் க்ராஷாவுக்குக் கிடங்குதான்.

நம்மோடு மோதியது ஹெல்ம்பி டவுன். பட்டியலில் நடுவில் பத்திரமாக இருந்த கிளப். கோடை விடுமுறைக்குப் பெட்டி கட்டி முடித்த முகத்தோடு வந்தார்கள். அப்படியும் இருபதாம் நிமிடத்தில் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். நாற்பத்தோராம் நிமிடத்தில் நாம் ஒன்று திருப்பினோம். ஒன்றுக்கு ஒன்று.

இந்த லீக்கின் ஸ்கோரை வானொலியில் சொல்ல மாட்டார்கள். வேறு ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிய ஒரே வழி, மைதான அறிவிப்பாளர்கள் தங்களுக்குள் வைத்திருந்த ஏற்பாடு. இடைவேளையில் ஒரு போன், ஆட்டம் முடிந்ததும் ஒரு போன். நடுவில் பேசக் கூடாது, நடுவில் அறிவிக்கவும் கூடாது. ஆடுகிறவன் தன் ஆட்டத்தை ஆடட்டும் என்பது நியாயம். மைக் பிடித்த இருபத்தேழு வருடத்தில் நாரிஸ் இதை மீறியதில்லை.

இடைவேளையில் மார்ஸ்விக் மைதானத்து அறிவிப்பாளரான மிஸ் ஆட்ரி ஃபென் போன் செய்தார். நாரிஸ் அறிவித்தார்: "மார்ஸ்விக் பூஜ்யம், எதிரணி ஒன்று. இங்கே பார்வையாளர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது." இரண்டாவது வரியைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் ஏறியதாகச் சொல்கிறார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். ஏறியது.

மார்ஸ்விக் தோற்கிறது. நமக்கு டிரா போதும். அவ்வளவுதான், பழைய வியாதி வந்துவிட்டது. எழுபது நிமிடம் ஆனதும் பந்து கிடைத்தவன் முன்னே போகாமல் மூலைக் கொடிக்கு உருட்டினான். எழுபத்தைந்தில் பதினொரு பேரும் பின்னால். கோட்டுக்கு வெளியே டெஸ் இரண்டு கையாலும் காற்றை அழுத்திக்கொண்டிருந்தார்.

"பின்னால வாங்கடா! போதும்டா! இருக்கிறது போதும்!"

பெஞ்சியில் எனக்குப் பக்கத்திலிருந்த கசாப்புக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "இதை ஏற்கெனவே பாத்துட்டேன். பத்து தடவை பாத்துட்டேன்."

ஹெல்ம்பி ஆட்கள் விடுமுறையை மறந்து மேலேறி வந்தார்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல்கீப்பர் முழு விழிப்பில் இருந்தார், அதுவே பயமாக இருந்தது.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. ஆட்டத்தின் நடுவில் அது கரகரத்ததே இல்லை என்பதால் ஆயிரத்து நூற்று நாற்பது பேரும் வாயை மூடினார்கள்.

"கவனிக்கவும். மார்ஸ்விக் மைதானம், எழுபத்தெட்டாம் நிமிடம். மார்ஸ்விக் ஒன்று, எதிரணி ஒன்று. கோல் அடித்தவர் ஐந்தாம் எண், க்ளைவ் ஹார்டேக்கர். தலையால்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் "நெஜமாவா?" என்று பக்கத்தில் கேட்டிருப்பார்கள். சொன்னது நாரிஸ். டிரா செத்துப்போயிற்று. டெஸ் ஒரு கணம் கூண்டைப் பார்த்தார், பிறகு கையைத் தலைகீழாகத் திருப்பினார்.

"போங்கடா முன்னால! எல்லாரும் போங்க! டேய், நீ கீப்பர்டா, நீ எங்கடா வர்ற? நில்லுடா அங்கயே!"

பிறகு நடந்த பத்து நிமிடத்தை இந்த ஊர் இன்னும் பத்து வருடம் பேசும். கட்டிவைத்ததை அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடினார்கள். யார் எந்த இடத்தில் ஆட வேண்டும் என்பது மறந்துபோனது, அதனால் ஹெல்ம்பிக்கும் யாரைத் தடுப்பது என்று தெரியவில்லை. எண்பத்தெட்டாம் நிமிடம், வலதுபக்கத்திலிருந்து ஒரு பந்து சேற்றில் விழுந்து, அதைத் தலையால் முட்டக் குதித்த டெல்ராய் பிங்க்னியின் தலையில் படாமல், அவர் கீழே வரும்போது முழங்காலில் பட்டு, உள்ளே போனது. டெல்ராய் வாரநாளில் ரொட்டி வண்டி ஓட்டுபவர். அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி இல்லாமலே ஊரில் எல்லார் வீட்டு வாசலிலும் நின்றார், கை குலுக்க.

"கோல்," என்றது கூண்டு. "டெல்ராய் பிங்க்னி. முழங்காலால்."

இரண்டுக்கு ஒன்று. அப்படியே முடிந்தது. கசாப்புக் கடைக்காரர் என்னை முத்தமிட்டார். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசிக்கொள்ளவில்லை. மைதானம் முழுக்க ஆட்கள். க்ராஷாகூட அழுதார், கிடங்குக்காகவா கிளப்புக்காகவா என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. நில அளவைக்காரர்கள் தங்கள் கம்புகளை விட்டுவிட்டே கூட்டத்தோடு ஆடினார்கள்.

ஐந்து நிமிடம் கழித்து மேலேயிருந்து குரல்: "மார்ஸ்விக் ஒன்று, எதிரணி ஒன்று. ஆட்டம் முடிந்தது. ஸ்கார்பெக் ரோவர்ஸ் இந்தப் பிரிவிலேயே இருக்கிறது." தெரிந்த செய்தியை இன்னொரு தடவை கேட்டு ஊர் இன்னொரு தடவை கத்தியது.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வந்தது. மார்ஸ்விக்கின் ஒரே கோலை அடித்தவர் பன்னிரண்டாம் எண், மாற்று ஆட்டக்காரர். நேரம், தொண்ணூற்று நான்காம் நிமிடம். எழுபத்தெட்டாம் நிமிடத்தில் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ஹார்டேக்கர் என்ற பெயர் ஆடியவர் பட்டியலில் மட்டும் இருந்தது. பேச்சு அங்கேதான் பிறந்தது.

முதலில் பெரிலிடம் போனேன். கூண்டு இருப்பது அவர் தலைக்கு மேலே. போன் அடித்தால் அவருக்குக் கேட்கும்.

"எழுபத்தெட்டாவது நிமிஷம் மேல போன் அடிச்சுதா?"

"பட்டாணி கொதிச்சிக்கிட்டிருந்தது கண்ணு."

"பட்டாணி கொதிக்கிற சத்தத்துல போன் கேக்காதா?"

"நீ எப்பவாவது எழுபது பேருக்குப் பட்டாணி வெச்சிருக்கியா?" என்று கேட்டு, தட்டை என் முன்னால் தள்ளினார். சாட்சியை இதற்குமேல் மடக்க முடியவில்லை. பட்டாணி நன்றாக இருந்தது.

அடுத்து ஆட்ரி ஃபென். போனில் குரல் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மாதிரி இருந்தது. விசாரித்தால், அவர் தலைமையாசிரியையேதான்.

"நான் இடைவேளையில ஒரு தடவை போன் பண்ணேன். ஆட்டம் முடிஞ்சதும் நாரிஸ் பண்ணாரு. நடுவுல நான் யாரோடயும் பேசல."

"உங்க போன் அந்த நேரத்துல..."

"எங்க செயலாளர் அதுல அவர் தங்கச்சிகிட்ட பேசிக்கிட்டிருந்தாரு. அரை மணி நேரம். நாங்க கீழ எறங்கப் போறோம்னு அழுதுக்கிட்டே. ஏன் சார் கேக்கறீங்க?"

ஆக, போன் வரவில்லை. முடிதிருத்தும் கடை, மீன் கடை, தேவாலயம் மூன்றும் ஜெயித்துவிட்டன. மனது கனத்துத்தான் நாரிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். சமையலறையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஊர்ல ஒரு பேச்சு..."

"தெரியும். உக்காருங்க."

"மார்ஸ்விக்லேருந்து போன் வந்துதா?"

"வரல. நான்தான் பண்ணேன். எழுபத்தஞ்சுல ஒரு தடவை, எழுபத்தாறுல ஒரு தடவை, எழுபத்தேழுல ஒரு தடவை. லைன் பிஸி."

"அப்ப அந்த கோல்?"

ஷூவைக் கீழே வைத்தார். "மீட்டர் பாக்கப் போறீங்க. வீடு பூட்டியிருக்கு. மறுபடி போறீங்க, பூட்டியிருக்கு. மூணாவது தடவையும் பூட்டியிருக்கு. என்ன செய்வீங்க?"

"திரும்பி வந்துருவேன்."

"அதான் நீங்க பத்திரிகைல இருக்கீங்க. மூணு தடவை பூட்டியிருந்தா மதிப்பீடு எழுதணும். அது விதி. போன வருஷம் இதே மாசம் எவ்வளவு எரிச்சாங்க, அதுக்கு முந்தின வருஷம் எவ்வளவு, அதைப் பாத்து ஒரு எண் போடணும். வெறும் எடமா விட்டா அலுவலகத்துல திட்டுவாங்க."

"நீங்க மார்ஸ்விக் ஸ்கோரை மதிப்பீடு பண்ணீங்களா?"

"சொந்த ஊர்ல அவங்க கடைசியா ஆடின பன்னெண்டு ஆட்டத்துல, இடைவேளைக்குப் பின்தங்கினது ஆறு. ஆறுல அஞ்சு தடவை திருப்பிப் போட்டிருக்காங்க. பூட்டின வீட்டுக்குள்ள கேஸ் எரியாம இருக்குமா?" ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பக்கம் அப்படி. இந்தப் பக்கம் நம்ம பசங்க பதினொரு தடவை வாசல்ல போய் நின்னு, பதினொரு தடவையும் தோத்திருக்காங்க. அன்னைக்குப் பன்னெண்டாவது தடவை போய் நின்னாங்க. எனக்கு எண் தெளிவா தெரிஞ்சுது."

"மதிப்பீடுன்னு மைக்ல சொல்லியிருக்கலாமே?"

நாரிஸ் ஷூவை மறுபடி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அடுப்பருகே நின்ற பெரில்தான் சொன்னார்: "சொல்லியிருந்தா எவன் ஓடியிருப்பான் கண்ணு?"

"அதை மட்டும் விட்டுட்டேன்," என்றார் நாரிஸ். "சீட்டுல மதிப்பீடுன்னு ஒரு எழுத்துப் போடணும். போடல. அது தப்பு. அதுக்குப் பேரு பொய்னா, பொய்தான்."

ஆட்டம் முடிந்த பிறகான அந்த ஐந்து நிமிடம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கீழே ஆயிரம் பேர் ஆடிக்கொண்டிருந்தபோது, பிழைத்தோமா இல்லையா என்று தெரியாத ஒரே ஆள் மேலே கூண்டில் போனைச் சுழற்றிக்கொண்டிருந்தார். மார்ஸ்விக் இரண்டு கோல் போட்டிருந்தால், அந்தக் கொண்டாட்டத்தை அவர் குரலால்தான் நிறுத்த வேண்டியிருக்கும். ஆட்ரி போனை எடுத்து "ஒன்றுக்கு ஒன்று, கடைசி மூச்சுல போட்டாங்க" என்றபோது, என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உக்காந்தேன்," என்றார். "ஏற்கெனவே உக்காந்துதான் இருந்தேன். இன்னொரு தடவை உக்காந்தேன்."

அந்தத் தொண்ணூற்று நாலாம் நிமிடத்துக் கோலுக்கு டிரா தாங்கியிருக்காது. மதிப்பீடு சரி, நேரம்தான் பதினாறு நிமிடம் முந்திவிட்டது. லீக் அலுவலகம் விளக்கம் கேட்டு எழுதியபோது நாரிஸ் நடந்ததை நடந்தபடியே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். அவர்கள் விதிப்புத்தகத்தை முழுக்கப் புரட்டினார்கள். மூலைக்கொடியின் உயரத்துக்கு விதி இருந்தது. வேறு ஊர் கோலை மதிப்பிடுவதற்கு விதி இல்லை. விட்டுவிட்டார்கள். க்ராஷா தன் வார்த்தையைக் காப்பாற்றிக் கிளப்பை வைத்துக்கொண்டார், முகத்தை மட்டும் கொஞ்ச நாள் தூக்கி வைத்திருந்தார். அளவைக்காரர்கள் விட்டுப்போன கம்புகளில் பெரில் இப்போது கடைத் துணிகளைக் காயப்போடுகிறார்.

பேச்சு உண்மை என்று ஊருக்குச் சொன்னேன். ஊர் ஏமாந்த மாதிரி ஆகும் என்று நினைத்தேன். முடிதிருத்துபவர் மட்டும் கத்தரியை நிறுத்தி, "அப்ப எங்க வீட்டு மீட்டர்லயும் மதிப்பீடு எழுதியிருப்பாரா?" என்று கேட்டார். "பூட்டி வெச்சிருந்தா" என்றேன். மற்றவர்கள் ஆகஸ்டில் புது ஆட்ட வருடத்தின் சீட்டை வரிசையில் நின்று வாங்கினார்கள். முந்திய வருடத்தைவிட இரண்டு மடங்கு. எண்ணிச் சொன்னது நாரிஸ் என்பதால் நம்பலாம்.

விஷயம் இத்தோடு முடிந்திருக்கும். ஜூலையில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மார்ஸ்விக்கின் ஐந்தாம் எண், க்ளைவ் ஹார்டேக்கர்.

மனிதர் பதினோரு வருடமாகத் தடுப்பாட்டக்காரர். இருநூற்றுப் பதினான்கு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. நாரிஸ் அந்தப் பெயரைச் சொன்னதே அதனால்தான். கோல் என்றால் ஒரு பெயர் வேண்டும், இவருக்கு முறை வந்துவிட்டது என்று தோன்றியதாம். ஹார்டேக்கரின் மாமியார் ஸ்கார்பெக்கில் இருக்கிறார் என்பதும், அன்று நம் மைதானத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார் என்பதும் மதிப்பீட்டில் வரவில்லை. அந்த அம்மாள் ஆட்டம் முடியும் முன்பே வெளியே ஓடி, தெருமுனைத் தொலைபேசியிலிருந்து மகளுக்குச் சொல்லிவிட்டார். மகள் அண்டை வீட்டாருக்குச் சொன்னார். கிளப் கீழே இறங்கிய துக்கத்தில் சேறும் சகதியுமாக வீட்டுக்குள் நுழைந்த ஹார்டேக்கரை, மெழுகுவர்த்தி ஏற்றிய கேக்கோடு இருபது பேர் கைதட்டி வரவேற்றார்கள்.

கடிதத்தில் கோபம் இல்லை. கடைசியில் ஒரு வரி: "ஐயா, நீங்க எனக்கு ஒரு கோல் தரணும்."

நாரிஸ் அன்றே பதில் எழுதினார்: தரணும், ஒத்துக்கறேன்.

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை மார்ஸ்விக்கை நட்பு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நாரிஸ் டெஸ்ஸிடம் பேசினார், டெஸ் நடுவரிடம் பேசினார். நடுவரும் குடும்பஸ்தர்; எழுபதாம் நிமிடத்தில் யாரும் யாரையும் தொடாதபோது மார்ஸ்விக்குக்குப் பெனால்டி கொடுத்தார். எல்லாரும் ஒதுங்கி ஹார்டேக்கருக்கு வழிவிட்டார்கள். நம் கோல்கீப்பரின் காதில் டெஸ் சொன்னார்: "அசையாத. நட்ட நடுவுல நில்லு. எந்தப் பக்கம் அடிச்சாலும் போகட்டும்."

கோல்கீப்பர் அசையவில்லை. ஹார்டேக்கர் பத்தடி பின்னால் போய், ஓடி வந்து, பதினோரு வருடத்து ஆசையெல்லாம் சேர்த்து அடித்தார். பந்து நேராக நட்ட நடுவில், அசையாமல் நின்றவர் வயிற்றில் போய் உட்கார்ந்தது.

மைதானம் முழுவதும் கூண்டைப் பார்த்தது. ஹார்டேக்கரும் பார்த்தார். கீழே டீக்கடையிலிருந்து பெரில் தலையை நீட்டி, "நாரிஸ், சும்மா சொல்லிடேன்!" என்று கத்தியது எனக்கே கேட்டது.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு நீண்ட மூச்சு.

"பெனால்டி. க்ளைவ் ஹார்டேக்கர். கோல் இல்லை."

ஹார்டேக்கர் முழங்காலில் கைவைத்துக் குனிந்து சிரித்தார். நிமிர்ந்து கூண்டைப் பார்த்து, இன்னும் ஒன்று பாக்கி என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். மேலே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நாரிஸும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.